ஐந்தாவது ஸ்பீக்கர்

கோவில்பட்டியில் ஆம்ப்ளிபயர் பழுது பார்க்கும் செண்பகவல்லிக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் சவரிமுத்து. அவளைவிடப் பதினெட்டு வயது மூத்தவர்.

முப்பது வருஷம் மைக்செட் கட்டியவர் அவர். கோயில் கொடை, மாதா சப்பரம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். முழங்கால் போன பிறகு, வீடுகளில் பாட்டு வைத்துக் கொடுக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள வந்தார். பாலிடெக்னிக்கில் சில வருஷம் சொல்லிக் கொடுத்தவள் என்பதால் அவளை டீச்சர் என்று கூப்பிடுவார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஒரு காலையில் சவரிமுத்து கடைக்கு வந்தார். படியேறவில்லை. கையில் துண்டு சுற்றிய ஆம்ப்ளிபயர்.

"உள்ள வாங்க அண்ணாச்சி. என்ன அது, பச்சப்பிள்ள மாதிரி பொதிஞ்சு கொண்டுவாரீங்க?"

"செத்துப்போச்சு டீச்சர்."

அவள் துண்டை விலக்கி முகர்ந்து பார்த்தாள். கருகல் வாடை.

"எத்தன ஸ்பீக்கர் குடுத்தீங்க?"

"அஞ்சு. அறைக்கு ஒண்ணு."

"எப்படி?"

"ஒரே வயர்தான். ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு அப்படியே இழுத்துட்டேன். சப்பரத்துக்கு முப்பது குழாய் ஒரே வயர்ல கட்டுனவன் டீச்சர் நான். அஞ்சு என்ன பெரிய விஷயமா?"

அவள் அதை வாங்கித் தன் பக்கத்தில் வைத்தாள்.

"ஒரு கேள்வி டீச்சர். நல்லா இருந்த ஆம்ப்ளிபயர் ஏன் இப்படிச் சாகுது?"

"சாகும்போது என்ன நடந்துச்சு?"

அவர் படியிலேயே உட்கார்ந்து சொன்னார்.

ஆவுடையப்பன் வீடு. அவருக்குக் கால் ஒடிந்து படுக்கை. எல்லா அறையிலும் பாட்டு கேட்க வேண்டும், கூப்பிட ஒரு மைக்கும் வேண்டும் என்றார். மூன்று நாள் நன்றாகத்தான் ஓடியது. அவர் "காப்பி" என்று முனகினால் மாடி வரைக்கும் முனகும். வீடே சிரித்தது. நாலாம் நாள் மகளுக்கு நிச்சயதார்த்தம். காலையில் இருந்தே நாதஸ்வரம் போட்டிருந்தார்கள். நிச்சய ஓலை வாசிக்க மைக்கைக் கையில் எடுத்த நேரம், கொர்ரென்று ஒரு சத்தம். அப்புறம் புகை.

"சம்பந்தி வீட்டுக் கிழவி ஒண்ணு, இது நல்லதுக்கில்லன்னு சொல்லிருச்சு. மொத்த ஹாலும் என்னயப் பாத்துச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சவரிமுத்து துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"சமையக்கார இசக்கியம்மா, அடுப்படியில சத்தத்த ஓவராக் கூட்டிருச்சு போல, அதான்னு..."

"கூட்டிச்சா?"

"கூட்டியிருக்கும்."

"அடுப்படியில சத்தம் கூட்டுற திருகு எங்க வச்சீங்க?"

அவர் துண்டைப் படியில் வைத்தார்.

"அங்க திருகு வைக்கல டீச்சர். ஸ்பீக்கர் மட்டுந்தான். பரணுக்கு மேல. ஸ்டூல் போட்டாத்தான் எட்டும்."

"இசக்கியம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கையில மாவு. அப்படியே நின்னுச்சு. ஞாயித்துக்கெழம சம்பந்தி வீட்ல மறுபடி வாராங்க. அந்தச் சமையலோட நின்னுக்கன்னு சொல்லிட்டாங்க. பதினோரு வருஷமா அந்த வீட்ல இருக்கு." அவர் மூக்கை உறிஞ்சினார். "வீட்டுக்காரர் நாலுதான் கேட்டாரு டீச்சர். அஞ்சாவது அதுதான் கேட்டுச்சு. 'எனக்கும் ஒண்ணு மாட்டுங்கண்ணே, காதாவது அடுப்படிய விட்டு வெளிய போய்ட்டு வரட்டும்'னுச்சு. மாட்டி முடிச்சதும் சூடா சீயம் குடுத்துச்சு. தின்னேன்."

செண்பகவல்லி எழுந்தாள். மேஜையில் கிடந்த பழைய ஆம்ப்ளிபயரில் ஒரு ஸ்பீக்கரை மாட்டிப் பாட்டை ஓடவிட்டாள்.

"வாங்க. பின்பக்கம் கைய வைங்க."

அவர் உள்ளே வந்து கையை வைத்தார்.

"எப்படி இருக்கு?"

"சும்மாதான் இருக்கு."

இரண்டாவது மாட்டினாள். கொஞ்ச நேரம் போனது. மூன்றாவது. பாட்டு அதே பாட்டு, அதே சத்தம். நாலாவது மாட்டியபோது அவர் விரல்களைத் தூக்கித் தூக்கி வைத்தார். ஐந்தாவதை மாட்டிய சற்று நேரத்தில் கையை உதறிக்கொண்டு எடுத்துவிட்டார். அவள் சுவிட்சை அணைத்தாள்.

"பாட்டு மாறுச்சா?"

"இல்ல டீச்சர். கடைசி வரைக்கும் நல்லாத்தான் கேட்டுச்சு."

"இப்ப எந்த ஸ்பீக்கர் மேல தப்பு?"

சிவந்த உள்ளங்கையைப் பார்த்தார்.

"எது மேலயும் இல்ல."

மூலையில் பழுதுக்கு வந்த குழாய் ஸ்பீக்கர் ஒன்று கிடந்தது. அதையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் அவரிடம் நீட்டினாள். அவர் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு டிரான்ஸ்பார்மர்.

"குழாய் ஒவ்வொண்ணுலயும் இது இருக்கும். தனக்கு வேண்டியத மட்டும் அளந்து வாங்கும். அதான் ஒரே வயர்ல முப்பதையும் ஆம்ப்ளிபயர் தாங்குச்சு. வீட்டு ஸ்பீக்கர்ல இது கிடையாது. அஞ்சும் அளவில்லாம இழுத்துச்சு, ஆம்ப்ளிபயர் கருகிருச்சு."

"முப்பது வருஷம் தோள்ல சொமந்தேன்" என்றார் சவரிமுத்து. "ஒரு நாளும் தொறந்து பாக்கல."

அவள் கருகிய ஆம்ப்ளிபயரின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"சனிக்கெழம தாரேன். அஞ்சு அறைக்கும் அஞ்சு டிரான்ஸ்பார்மர், ஆம்ப்ளிபயர் பக்கத்துல ஒண்ணு. ஞாயித்துக்கெழம காலையில போய் மாட்டிருங்க."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

"மாட்டுறதுக்கு மூஞ்சி எதுக்கு? கைதான வேணும்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"டீச்சர், முதல்ல பின்வாசல் வழியாப் போயி, இசக்கியம்மாகிட்ட மட்டும் மெதுவாச் சொல்லிருதேன்."

"அன்னைக்கு எங்க வச்சுச் சொன்னீங்க?"

"ஹால்ல. எல்லாரும் இருந்தாங்க."

அவள் நிமிரவில்லை. ஒரு திருகைக் கழற்றித் தட்டில் போட்டாள். இன்னொன்றைக் கழற்றினாள்.

"எல்லாம் மாட்டி முடிச்சதும் சத்தம் சரியா வருதான்னு பாக்கணும்ல அண்ணாச்சி?"

"பாக்கணும்."

"எப்படிப் பாப்பீங்க?"

"மைக்கத் தட்டி, அலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீம்பேன். முப்பது வருஷமா அதான்."

"சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து உக்காந்த பொறவு டெஸ்ட் பண்ணுங்க. ஒன் டூ த்ரீ வேண்டாம், பின்வாசல்ல சொல்ல நெனச்சதச் சொல்லுங்க. பேசி முடிச்சிட்டு, அடுப்படிக்குப் போயி, சரியாக் கேட்டுச்சான்னு இசக்கியம்மாகிட்ட கேளுங்க."