ஆலோசகர் நாற்காலியில் அரை மணி நேரம்

"கையெழுத்துப் போட்டுடுங்க சார். நான் படிப்பை விட்டுடுறேன்."

சகாயராணி விலகல் கடிதத்தை மேஜைமேல் வைத்தாள். வரலாறு, முதலாண்டு. வயது நாற்பத்தொன்று. பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஐந்து வாரம்.

ஆலோசகர் அன்வருக்கு முப்பத்திரண்டுதான். புதிதாகச் சேர்ந்தவர்கள் திணறாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

"என்னக்கா ஆச்சு?"

"வகுப்புக்குள்ள நுழைஞ்சா, டீச்சர்னு நினைச்சுப் பிள்ளைங்க எழுந்து நிக்குது சார். மானம் போகுது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானாவா! நூலக அட்டை வாங்க மூணு நாள் அலைஞ்சேன். விருப்பப் பாடம் பதியுறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. எதைத் தொட்டாலும் தப்பு. பதினேழு வருஷம் ஆசைப்பட்டு வந்தேன். எனக்கு இது வராது சார்."

குரல் உடைந்தது. ஆனால் அழவில்லை. அழுதால் அதற்கும் யாராவது எழுந்து நிற்பார்களோ என்று பயம்.

அன்வர் கடிதத்தைப் படித்தார். பேனாவைத் திறந்தார். மூடினார்.

"காலையிலேர்ந்து டீ குடிக்கலக்கா. கேண்டீன் வரை போயிட்டு வந்துடுறேன். அதுவரை என் நாற்காலியில உட்காருங்க. யாராவது வந்தா பாத்துக்கங்க."

"ஐயையோ, நான் என்னத்தைச் சொல்ல?"

"தெரிஞ்சதைச் சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. நானும் அதைத்தான் செய்றேன்."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். நல்ல ஆலோசகர்!

ஒரு பையன் எட்டிப் பார்த்தான். "மேடம், அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கிற இடம் எங்க?"

"நான் மேடம் இல்லப்பா."

அவன் நகரவில்லை. பாவம், வியர்த்து ஊற்றியது.

"போர்டைப் பாத்துப் போகாத. நானே ரெண்டு தடவை தண்ணித் தொட்டிகிட்ட போய் நின்னேன்." மேஜையில் கிடந்த தாளைத் திருப்பி வழி வரைந்து கொடுத்தாள்.

அடுத்து இரண்டு பெண்கள். இணையதளத்தில் விருப்பப் பாடம் பதிய மாட்டேன் என்கிறதாம்.

"மத்தியானம் போட்டா சுத்திக்கிட்டே இருக்கும். காலையில ஆறு மணிக்குப் போடுங்க. முதல்ல முக்கியப் பாடம், அப்புறம் விருப்பப் பாடம். நான் தலைகீழாப் போட்டுத்தான் மாட்டிக்கிட்டேன்."

ஒருவன் உதவித்தொகை பற்றிக் கேட்டான்.

"அது எனக்குத் தெரியாதுப்பா. சார்கிட்ட கேட்டுச் சொல்றேன். பேரை எழுதிட்டுப் போ."

பிறகு ஒரு சின்னப் பெண் வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"என்னம்மா?"

"நான் ஊருக்கே போயிடுறேன் மேடம். எனக்கு இதெல்லாம் வராது."

சகாயராணி எழுந்துவிட்டாள். நாற்காலி ஒன்றைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"முதல்ல உட்காரு. சாப்பிட்டியா?"

அன்வர் இரண்டு டீயோடு வந்து வாசலில் நின்றார்.

"அக்கா, அந்தக் கடிதத்தைக் கொடுங்க. கையெழுத்துப் போட்டுடுறேன்."

"அது பின்னாடிதான் வழி வரைஞ்சு ஒரு பையன்கிட்ட கொடுத்துட்டேன் சார்."

"அப்போ வேற எழுதித் தர்றீங்களா?"

அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"டீயை ரெண்டையும் இப்படி வச்சுட்டு, கொஞ்சம் வெளிய உட்காருங்க சார். பிள்ளை இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கு."