பூட்டிய பெயர்

அந்தப் பேருந்து முன்பதிவு சர்வரில் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிய நிரல் பகுதிகளான எல்லா மாட்யூல்களுக்கும் ஒரே பொதுப் பெயர்வெளி, அதாவது ஒரே பெயர்ப் பட்டியல். ஒருவர் வைத்த பெயரில் இன்னொருவர் எழுதினால் முதலாமவர் அதில் வைத்திருந்த தகவல் அழிந்துவிடும். ஒரே இருக்கை இரண்டு பயணிகளுக்குப் போனதும், பழி வழக்கம்போல ஒப்பந்தத் தொழிலாளி இசக்கியம்மாள் மேல் விழுந்தது.

“என் மாட்யூலைத் திறக்காம, தப்பு உன்னோடதில்லைன்னு நிரூபி. இல்லைன்னா இன்னையோட உன் சீட்டு கிழிஞ்சிரும்” என்றார் தலைமைப் பொறியாளர் சந்தானகிருஷ்ணன். அவருடைய மாட்யூல் கோப்பைப் பார்ப்பதே அங்கே ராஜதுரோகம்.

“என் மாட்யூலையாவது தொடலாமில்ல சார்?”

இசக்கியம்மாள், தான் வைத்த ‘இருக்கை’ என்ற பெயரை யாரும் மாற்ற முடியாதபடி தன் மாட்யூலில் பூட்டினாள். சர்வரை ஓட்டியதும் நின்றுவிட்டது. பூட்டிய பெயரை மாற்ற முயன்ற கோப்பு சந்தானகிருஷ்ணனுடையது என்று திரை சொன்னது.

“பூட்டு போட யாரைக் கேட்டே?” என்று கத்தினார்.

“பொது இடம்தானே சார். நீங்க யாரைக் கேட்டு அழிச்சீங்க?”