ஒற்றை வரியில் வந்த கடிதம்

மலையடிவாரத்துக் குடிலில் இருந்த அமிர்தவல்லி அம்மைக்கு நாற்பத்திரண்டு வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த ஆவுடைநாயகத்துக்கு அறுபத்தொன்று. முப்பது வருஷம் ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்துத் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தவர். பத்து வார்த்தைக்குள் அடங்காத விஷயம் உலகத்தில் கிடையாது என்பது அவர் கட்சி. யாராவது வளவளவென்று பேசினால் அவருக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊரும்.

குடிலுக்கு வரும் கடிதங்களை அம்மைக்குப் படித்துக் காட்டுவது அவர் வேலை. அம்மை சொல்லும் பதிலை அஞ்சலட்டையில் எழுதிப் போடுவதும் அவர்தான். பதில் எப்போதும் ஒரே வரி.

வருகிற கடிதங்கள் அப்படியா? அதிலும் கீழ்ப்பாறை சண்முகக்கனியின் கடிதம் முப்பது தாளுக்குக் குறையாது. கிணறு வெட்டும்போது மண் சரிந்து புருஷன் போய் நாலு வருஷம். பிள்ளைகுட்டி இல்லை. மாதம் தவறாமல் எழுதுவாள். கறுப்புக் கோழி அடையை விட்டு எழுந்து போய்விட்டது, பக்கத்து வீட்டு மாடத்தி முருங்கைக்காயைப் பறித்துவிட்டு இல்லையென்று சாதிக்கிறாள், கூரையில் ஓடு நகர்ந்து ஒழுகுகிறது, இடது முழங்கால் மடக்க முடியவில்லை. எல்லாம் இருக்கும். கேள்வி மட்டும் ஒன்றும் இருக்காது.

படித்து முடிப்பதற்குள் ஆவுடைநாயகத்துக்குத் தொண்டை கட்டிவிடும். நடுவில் இரண்டு தாளைத் தள்ளிவிட்டுப் போனால், கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மை, அந்தக் கோழி என்ன ஆயிற்று என்று கேட்டுவிடுவார். மறுபடி பின்னால் போக வேண்டும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"அம்மா, படிக்கிறவங்களுக்கு நீளமா எழுதினாப் பிடிக்குமா, சுருக்கமா எழுதினாப் பிடிக்குமா?"

"உங்களுக்கு எது பிடிக்கும், அண்ணாச்சி?"

"சுருக்கம்தான். நீங்களே ஒரு வரிதானே எழுதச் சொல்லுதீங்க."

"எனக்குச் சொல்ல அவ்வளவுதான் இருக்கு."

அதற்கு மேல் அம்மை பேசவில்லை. பேசாததைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். அந்த மாதம் சண்முகக்கனிக்குப் போன அட்டையில், அம்மையின் வரிக்குக் கீழே தன் பங்குக்கும் ஒரு வரி சேர்த்தார். இங்கே நேரம் குறைவு, இனிமேல் முக்கியமானதை மட்டும் எழுதவும் என்று.

மறுமாதம் கடிதம் வந்தபோது அம்மை சாப்பிட உட்கார்ந்திருந்தார். உறை லேசாக இருந்தது. உள்ளே ஒரே தாள், அதில் ஒரே வரி. ஆவுடைநாயகத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நான் நல்லா இருக்கேன், முக்கியமா ஒண்ணும் இல்ல, இப்படிக்கு சண்முகக்கனி," என்று படித்துவிட்டு, "எப்படித் தேறிட்டாங்க, பாத்தீங்களா?"

அம்மை எழுந்துவிட்டார். பிசைந்த சோறு இலையில் அப்படியே கிடந்தது. கையைக் கழுவினாரோ இல்லையோ, வாசலுக்கு வந்து கீழ்ப்பாறைக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டார்.

ஆவுடைநாயகத்துக்கு ஒன்றும் ஓடவில்லை. நல்லா இருப்பதாகத்தானே எழுதியிருக்கிறாள் என்றார்.

"முப்பது வருஷம் தந்தி கொடுத்தீங்களே, அண்ணாச்சி. உங்களைக் கண்டதும் வீட்டுல என்ன செய்வாங்க?"

ஆவுடைநாயகம் நினைத்துப் பார்த்தார். அழுவார்கள். பிரிக்கிறதுக்கு முன்னாலேயே அழுவார்கள். தெருமுனையில் அவர் சைக்கிளைக் கண்டதுமே பெண்கள் தலையில் கை வைத்தபடி ஓடி வருவார்கள். ஒரு வரியில் வருவது பெரும்பாலும் சாவுச் செய்தி; கையிலிருந்த ஒற்றை வரியை அவர் மறுபடி பார்த்தார்.

பஸ்ஸில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். சேர்த்து எழுதிய வரியையும் ஒரு எழுத்து விடாமல் சொன்னார். அம்மை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சண்முகக்கனியின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வாசலில் மாடத்தி நின்றாள். அவள் கக்கத்தில் ஒரு கறுப்புக் கோழி.

காலையில் கனியே கொண்டுவந்து கொடுத்தாளாம். முருங்கைக்காயையும் இனி நீயே பறித்துக்கொள், நான் கேட்கமாட்டேன் என்றாளாம்.

"நாலு வருசமா என்னோட சண்டை போட்டவ. எங்கட்டி போறன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லல. அதுல இருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல, தாயி."

அம்மை கதவைத் தள்ளினார். திறந்துகொண்டது.

வீடு கழுவித் துடைத்திருந்தது. பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்திருந்தது. மடித்த சேலைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டுச் சீட்டு, அதில் யாருக்கு என்று ஒரு பெயர். நடுவில் தலை குளித்து உட்கார்ந்திருந்தாள் சண்முகக்கனி. சாவதற்காக ஒழுங்கு செய்து வைத்த வீடு அது என்பது ஆவுடைநாயகத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மை அவள் எதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

"அக்கா, ஓடு நகர்ந்துதே, சரி பண்ணியாச்சா?"

கனி அம்மையின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"முக்கியமானத மட்டும் எழுதச் சொன்னீங்க, தாயி. நாளெல்லாம் உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். எங்கிட்ட அப்படி ஒண்ணுமே இல்ல."

அந்த வரியை எழுதியது நான் இல்லை என்று அம்மை சொல்லவில்லை. ஆவுடைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஓடு என்னாச்சுக்கா?"

ஓடு அப்படியேதான் இருக்கிறது என்றாள் கனி. யாரும் ஏறி வைக்கவில்லையா என்று அம்மை கேட்டார். மாடத்தியின் மச்சினன் வருவதாகச் சொல்லி வராமல் போனதை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். அங்கிருந்து மழைக்குப் போனாள், மழையிலிருந்து முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து முருங்கை மரத்துக்கு. ஒரே நாளில் பத்துக் காய் காணாமல் போனதைச் சொன்னபோது வாசலிலிருந்து மாடத்தி உள்ளே வந்துவிட்டாள்.

"பத்தா? நாலுதானட்டி பறிச்சேன்."

"அப்ப பறிச்சது நீதான்."

கனியின் முகத்தில் ரத்தம் ஏறியது. மாடத்தி கோழியைக் கீழே விட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்தாள். இருவரும் நாலு வருஷத்துக் காய்களையும் எண்ண ஆரம்பித்தார்கள். அம்மை இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, எந்தக் கிளை, எந்த மாதம் என்று இடையிடையே கேட்டார்.

வெயில் இறங்கி, கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கனி புருஷன் அந்த மரத்தை நட்ட கதைக்கு வந்திருந்தாள். முப்பது வருஷப் பழக்கம் விடுமா? வாய் தவறிக் கேட்டுவிட்டார் ஆவுடைநாயகம்.

"பஸ் வந்துட்டுது, அம்மா. இது எப்ப முடியும்?"

அம்மை அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"முடிஞ்சிரக் கூடாதுன்னுதானே வந்திருக்கோம், அண்ணாச்சி."