சடையாண்டி நரியின் கறிப் பொட்டலம்

ஏரிக்கரைப் புதர்க்காட்டில் செம்பி என்ற கீரி தன் கணவன் முறுக்கனோடும் நான்கு குட்டிகளோடும் வாழ்ந்தது. குட்டிகள் பாலை மறந்து கறி கேட்கத் தொடங்கியிருந்த சமயம் அது. அந்த நேரம் பார்த்து முறுக்கனின் காலில் கருவேல முள் ஏறிவிட்டது. கால் வீங்கி, வளைக்குள்ளேயே படுத்துவிட்டது.

வேட்டைக்குச் செம்பி தனியாகத்தான் போக வேண்டியிருந்தது. அது ஓர் எலியைப் பிடித்து வந்து போடும். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் எலி காணாமல் போயிருக்கும்.

"அம்மா, இன்னும்!" என்று நான்கு வாய்களும் திறக்கும்.

மறுபடியும் ஓட்டம்தான்.

சடையாண்டி என்ற நரி இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்தது. செம்பியைவிட, செம்பி எலி பிடிக்கும் சோளக்கொல்லை மேட்டைத்தான் அதிகம் கவனித்தது. அங்கே எலிகள் சோளம் தின்று உருண்டு திரண்டு கிடந்தன. ஆனால் அது கீரிகளின் மேடு. கீரியைக் கேட்காமல் அங்கே யாரும் கால் வைக்க மாட்டார்கள்.

ஒரு காலையில் நரி, வாயில் ஒரு தேக்கிலைப் பொட்டலத்தோடு வந்தது.

"தங்கச்சி, ஏன் இப்படி ஓடி ஓடி இளைக்கிறே? இந்தா, ரெடிமேட் கறி! பச்சைக் கறி, ஈரல், எலும்பு எல்லாத்தையும் கொத்திக் கலந்து கட்டியிருக்கேன். குட்டிங்க முன்னாடி போட்டா வேலை முடிஞ்சுது!"

"நீயே கட்டினதா அண்ணே?"

"பின்னே? மரநாய், காட்டுப்பூனை எல்லாரும் குட்டிங்களுக்கு என்கிட்டதான் வாங்கிட்டுப் போறாங்க. இன்னும் யாரு தங்கச்சி வெயில்ல வேட்டைக்கு அலையுறாங்க?"

செம்பி பொட்டலத்தை முகர்ந்து பார்த்தது. கொழுத்த எலியின் வாசனை தூக்கியது.

"இதுக்குப் பதிலா என்ன கேட்கிறே?"

"உன்கிட்ட என்னத்தைக் கேட்கப் போறேன்? அந்த மேட்டுப் பக்கம் நான் கொஞ்சம் காலாற உலாவிக்கிறேன். அவ்வளவுதான்!"

வளைக்குள்ளிருந்து முறுக்கன் குரல் கொடுத்தது. "ஏ செம்பி, நரி எதுக்கு நமக்குக் கறி கொத்திக் கொடுக்கணும்?"

"கால் வலியில படுத்திருக்கிறவருக்கு இந்தக் கேள்வி எதுக்கு? இடுப்பு ஒடியிறது எனக்குத்தானே!" என்று செம்பி சொன்னது. பொட்டலத்தைக் குட்டிகள் முன்னால் உருட்டிவிட்டது.

குட்டிகள் இலையோடு பிய்த்துத் தின்றன.

"அம்மா, கடிக்க ஒண்ணுமே இல்லையே!" என்றது துருவி என்ற கடைக்குட்டி.

"கொத்தின கறி அப்படித்தான் இருக்கும். பேசாம சாப்பிடு!"

அன்று முதல் தினமும் பொட்டலம் வந்தது. செம்பி பகலில் கால் நீட்டித் தூங்கியது. வாலைக்கூட நீவிவிட நேரம் கிடைத்தது. 'நரி அண்ணன் நல்லாயிருக்கணும்' என்று மனசார வாழ்த்தியது. ஆனால் குட்டிகளின் ரோமம் மங்கிக்கொண்டே வந்தது. ஓடிப்பிடித்து விளையாடும்போது பாதியிலேயே உட்கார்ந்துகொண்டன. வெயில் காலம் இல்லையா, சோர்வாக இருக்கும் என்று செம்பி விட்டுவிட்டது.

ஒருநாள் துருவி வெளியே படுத்திருந்தபோது, வானத்திலிருந்து ஒரு பருந்து சரேலென்று இறங்கியது.

"துருவி, ஓடு!" என்று செம்பி கத்தியது.

துருவி எழுந்தது. இரண்டடி வைப்பதற்குள் சரிந்து விழுந்தது. செம்பி ஒரே பாய்ச்சலில் அதன் பிடரியைக் கவ்விப் புதருக்குள் இழுத்தது. பருந்தின் நகத்தில் கொஞ்சம் ரோமம் மட்டும்தான் மாட்டியது.

"ஏண்டா ஓடல?"

"ஓடத்தான் பார்த்தேன்மா. கால் வரல."

செம்பி துருவியை வாரி எடுத்தது. அந்தக் குட்டியை அணைத்தபோதுதான் விலா எலும்பு கையில் தட்டியது.

மறுநாள், இன்னும் பெரிதாகக் கேட்டு வாங்கலாம் என்று செம்பி பொட்டலத்துக்குத் தானே நரியிடம் போனது. திரும்பும் வழியில் கரைச் சரிவில் பொட்டலம் நழுவி உருண்டது. கீழே புல் மேய்ந்துகொண்டிருந்த முயலின் முன்னால் போய் விழுந்து பிரிந்தது. செம்பி இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் முயல் அதில் பாதியைத் தின்றிருந்தது.

"அக்கா, பிரமாதம்! யாரோட கைப்பக்குவம்?" என்று முயல் மீசையை நக்கியது.

"அடப்பாவி, அது கறி! நீ முயல்!"

"கறியா? நல்லாப் பழுத்த பூசணிக்காய் அக்கா இது! சிவப்புக்குக் கோவைப்பழம் பிசைஞ்சிருக்காங்க. நடுவுல எலிவால் ரெண்டு கிடந்துச்சு. சீன்னு துப்பிட்டேன்."

செம்பி சோளக்கொல்லை மேட்டுக்கு ஓடியது. புதர் மறைவில் நின்று எட்டிப் பார்த்தது. அங்கே சடையாண்டி மல்லாந்து படுத்து, கொழுத்த எலி ஒன்றை மென்றுகொண்டிருந்தது. பக்கத்தில் பூசணிக்காய்க் குவியல். தின்று முடித்ததும் எலித்தோலை எடுத்துத் தேக்கிலையில் அழுத்தித் தேய்த்தது. அந்த வாசனையில்தான் செம்பி ஏமாந்திருந்தது!

செம்பி பல்லை நறநறவென்று கடித்தது. ஆனால் நரி அதைவிட எவ்வளவோ பெரியது. செம்பி சத்தம் போடாமல் திரும்பியது. போகிற வழியெல்லாம் ஒரே செய்தியைச் சொல்லிக்கொண்டு போனது.

"சடையாண்டி அண்ணனுக்குப் பாராட்டு விழா! நாவல் மரத்தடிக்கு எல்லாரும் வாங்க!"

மரநாய் வந்தது. காட்டுப்பூனை வந்தது. சடையாண்டி வாலைச் சிலுப்பிக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தது. செம்பி அதன் கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டது. பிறகு சடையாண்டி அன்று எல்லோருக்கும் கட்டிக் கொண்டுவந்திருந்த பொட்டலங்களை எடுத்து வரிசையாக வைத்தது.

"முதல் பொட்டலத்தை அண்ணன்தான் சாப்பிடணும்!"

"ஐயய்யோ, நான் இப்பதான் சாப்பிட்டேன் தங்கச்சி!"

"விழா நாயகன் வாய் வைக்காம நாங்க எப்படி அண்ணே சாப்பிடுறது? மரியாதையா இருக்குமா?"

"அதானே!" என்றது காட்டுப்பூனை.

வேறு வழியில்லை. நரி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியது.

"எப்படி இருக்கு அண்ணே?"

"அ... அருமை!"

"அருமையாம்! அண்ணனுக்கு இன்னொண்ணு வைங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். நரி இன்னொன்றை விழுங்கியது. வயிற்றுக்குள் எலியும் பூசணியும் சண்டை போட்டன.

"ஈரல் எப்படி அண்ணே?"

"நல்ல... நல்ல ஈரல்!"

"நீங்களே ஆசைப்படுறீங்க. நாங்க குறுக்கே நிற்கலாமா? எங்க பங்கும் உங்களுக்கே!" என்று சொல்லி, செம்பி தன் பொட்டலத்தையும் அதன் வாயருகே தள்ளியது.

"போதும்! விடுங்க! ஒரு நரி எவ்வளவு பூசணிக்காயைத்தான் தின்னும்!" என்று சடையாண்டி அலறியது.

கைதட்டல் நின்றுபோனது. மரநாய் தன் பொட்டலத்தைக் கிழித்தது. உள்ளே பார்த்தது. பிறகு காட்டுப்பூனையைப் பார்த்தது.

"என்ன காய்னு சொன்னே?" என்று காட்டுப்பூனை மிக மெதுவாகக் கேட்டது. அதன் நகங்கள் வெளியே வந்திருந்தன.

சடையாண்டி மாலையோடு எழுந்து ஓடியது. காட்டுப்பூனையும் மரநாயும் துரத்த, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏரியைச் சுற்றி ஓடி, அடுத்த காட்டுக்குள் போய் மறைந்தது. பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

செம்பி நேராகச் சோளக்கொல்லை மேட்டுக்குப் போய் ஓர் எலியைப் பிடித்து வந்தது. குட்டிகள் அதைக் கடித்து, இழுத்து, எலும்பை நொறுக்கித் தின்றன. கொஞ்ச நாளிலேயே செம்பியின் வாலைக் கடித்துவிட்டு அகப்படாமல் ஓடும் அளவுக்குத் தேறிவிட்டன.

மழைக்காலம் வந்ததும் காட்டுப்பூனை நிஜமாகவே கறி கொத்திக் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தது. அடைமழை நாட்களில் செம்பியும் போய் வாங்கியது. ஆனால் அங்கேயே இலையை விரித்து, கிளறி, முகர்ந்து, ஒரு துண்டைத் தான் தின்று பார்த்த பிறகே வீட்டுக்கு எடுத்துப் போனது.

கைக்கு எளிதாக வருவதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அதைப் பிள்ளைகளின் வாயில் வைக்கக் கூடாது.