இருபத்து நான்கு பஞ்சுத் துண்டுகள்

"திட்டு பாதியாச் சுருங்கியிருக்கு மேடம். இதுக்கு மேல என்ன வேணும்? ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க?"

கேட்டவர் டாக்டர் செண்பகவல்லி. வயது ஐம்பத்து மூன்று. இருபத்தைந்து வருடம் பெண்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்து பேர் வாங்கியவர். இப்போது சனிக்கிழமை மட்டும்தான் நோயாளிகளைப் பார்க்கிறார். மற்ற நாளெல்லாம் ஆராய்ச்சி மாணவி.

கேள்விக்கு ஆளானவர் பெனிட்டா. செண்பகவல்லியின் ஆசிரியர். வயது முப்பத்தொன்பது.

பெனிட்டா கட்டுரையை மேஜைமேல் வைத்தார்.

"எலிகிட்ட கேட்டீங்களா டாக்டர்?"

"எதை?"

"வலி குறைஞ்சுதான்னு."

செண்பகவல்லிக்குச் சுருக்கென்றது.

கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு, வெளியே வயிற்றுக்குள் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு வளர்கிற நோய் அது. புற்றுநோய் இல்லை. ஆளைக் கொல்லாது. ஆனால் மாதாமாதம் நிமிர விடாது. எத்தனையோ பெண்களுக்கு அதை அறுத்து எடுத்திருக்கிறார். ஒரு வருடம் கழித்து அதே வலியோடு திரும்பி வருவார்கள். அது தாங்காமல்தான் இந்த வயதில் படிக்க வந்தார்.

இரண்டு வருடமாகச் சுண்டெலிகளுக்கு அந்த நோயை உண்டாக்கி, மருந்து கொடுத்து, ஸ்கேனில் திட்டுகளை அளந்துகொண்டிருக்கிறார்.

"எலி எப்படி மேடம் சொல்லும்?"

பெனிட்டா அலமாரியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் சதுரம் சதுரமாக அழுத்திய பஞ்சு. ஒன்றை செண்பகவல்லியின் கையில் வைத்தார்.

"சாயங்காலம் கூண்டுக்கு ஒண்ணு போட்டுட்டு வீட்டுக்குப் போங்க. காலையில வந்து பாருங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இருபத்து நான்கு கூண்டுகள். மூன்று வரிசை. நோய் இல்லாதவை எட்டு. நோய் மட்டும் உள்ளவை எட்டு. நோயோடு மருந்தும் பெற்றவை எட்டு.

ஒவ்வொன்றாகப் போட்டார். ஒரு காலத்தில் இவர் அறைக்குள் நுழைந்தால் பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள். இப்போது எலிக்குப் பஞ்சு போடுகிறோமே என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் போட்டார்.

காலையில் முதல் வரிசைக்குப் போனார்.

பஞ்சைக் காணவில்லை. அதை நூல் நூலாகப் பிரித்து, சுற்றிலும் விளிம்பு எழுப்பி, கிண்ணம் மாதிரி ஒரு படுக்கை செய்திருந்தது எலி. நடுவில் மூக்கை வாலுக்குள் புதைத்துக்கொண்டு தூங்கியது.

அடுத்த கூண்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

செண்பகவல்லி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக இவற்றின் வயிற்றைத்தான் பார்த்திருக்கிறார்.

இரண்டாவது வரிசை. பஞ்சு போட்டபடியே சதுரமாகக் கிடந்தது. மயிர் சிலிர்த்து, முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது எலி. எட்டில் ஆறு அப்படி. வலியில் கிடப்பதற்குப் படுக்கை போடத் தெம்பில்லை.

மூன்றாவது வரிசைக்கு மெதுவாகப் போனார். அது அவருடைய மருந்தின் வரிசை.

முதல் கூண்டில் சதுரம். இரண்டாவதில் சதுரம். மூன்றாவதில் ஒரு ஓரம் மட்டும் கடிபட்டிருந்தது. பிறகு விட்டுவிட்டிருக்கிறது.

எட்டில் இரண்டுதான் படுக்கை செய்திருந்தன.

ஸ்கேன் நோட்டை எடுத்து ஒப்பிட்டார். மருந்தில் திட்டு கடுகளவாகச் சுருங்கியவள் பஞ்சைத் தொடவே இல்லை. இரண்டாவது வரிசையில், இருப்பதிலேயே பெரிய திட்டு உள்ளவள், அழகாகப் படுக்கை செய்து அதில் உறங்கினாள்.

மறுபடி முதலிலிருந்து பார்த்தார். மாறவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பெனிட்டா வந்தார். ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்த்தபடி வந்தார். ஓர் எலி மிரண்டதும் ஓரடி பின்வாங்கி, அது அடங்கும்வரை அசையாமல் நின்றார். பெரிய மனுஷி ஒருத்தியின் அறைக்குள் தட்டாமல் நுழைந்துவிட்டவர் போல. இந்தப் பெண்ணிடம் வந்து சேர்ந்தது நல்லதுதான் என்று அந்த நிலையிலும் செண்பகவல்லிக்குத் தோன்றியது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்."

"பிறகு ஏன் கையெழுத்துப் போடல?"

"உங்க கட்டுரையில வலிங்கிற வார்த்தை பதினேழு இடத்துல வருது. அளந்தது ஒரு இடத்துலகூட இல்ல."

செண்பகவல்லி தலையை ஆட்டினார். கண் கலங்கியது.

"ரெண்டு வருஷம் போச்சு."

பெனிட்டா மூன்றாவது வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு எலிகளைக் காட்டினார்.

"இந்த ரெண்டுக்கு மட்டும் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியணும். உங்களுக்கு வேண்டாமா?"

செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார்.

மறுநாள் சனிக்கிழமை.

மருத்துவமனையில் வழக்கம்போலக் கூட்டம். ஏழாவதாக வந்தவள் இசக்கியம்மாள். முப்பத்தொரு வயது. ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிற வேலை. ஸ்கேனில் அதே நோய். சின்னத் திட்டு, ஒன்றே ஒன்று.

"வலி எப்படிம்மா இருக்கு?"

"பரவால்ல டாக்டர்."

'சின்னதுதாம்மா, இதுக்கெல்லாம் பெருசா வலிக்காது.' இருபத்தைந்து வருடமாகச் சொல்லிப் பழகிய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது.

செண்பகவல்லி ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டு ஓரமாக வைத்தார்.

"முன்னாடி செஞ்சுட்டு இருந்து, இப்ப செய்யாம விட்டது என்னென்ன?"

இசக்கியம்மாள் விழித்தாள். கதவைப் பார்த்தாள். மடியிலிருந்த பையின் வாரைச் சுருட்டினாள்.

"மேல் தட்டுச் சேலையை எடுக்கிறதில்ல டாக்டர். கேட்டா, ஸ்டாக் இல்லன்னு சொல்லிருவேன்."

"அப்புறம்?"

"கல்யாண வீட்டுக்குப் போறதில்ல. பந்தியில உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியாது."

"அப்புறம்?"

அவள் சுருட்டிய வாரைப் பிரித்து விட்டாள்.

"சிரிச்சா அடிவயிறு இழுக்கும். யாராவது வேடிக்கையாப் பேச ஆரம்பிச்சாலே எழுந்து போயிருவேன். எனக்குத் தலைக்கனம்னு கடையில பேசிக்கிறாங்க."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே முதன்முறையாகக் கேட்டவள்போல உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"அடுத்த ஆளை அனுப்பவா டாக்டர்? வெளியில ரொம்பப் பேர் இருக்காங்க."

செண்பகவல்லி நாற்காலியை மேஜைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, இசக்கியம்மாளின் எதிரே உட்கார்ந்தார்.

"இருக்கட்டும். நீ சொல்லும்மா."