வெள்ளிக்கிழமைச் சத்தம்

பொற்கொடி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் குச்சியை வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். குச்சியின் நுனியில் ஒரு ரப்பர்க் கிண்ணம். அது புல்லட் வண்டியின் எஞ்சின் வால்வைக் கவ்விப் பிடித்திருந்தது. மோர் கடைகிற மாதிரிதான், இப்படி அரைச் சுற்று, அப்படி அரைச் சுற்று. தடவியிருந்த தேய்ப்புப் பசை கரகரவென்று அரைபட்டது.

"தினம் துடைச்சேன். வாரம் தவறாம ஸ்டார்ட் பண்ணினேன். நான் என்ன குறை வச்சேன் மேஸ்திரி?"

பட்டறை ரெஜினாவுடையது. வயதில் பொற்கொடிக்குச் சின்னவள். ஊரே மேஸ்திரி என்று கூப்பிடுவதால் இவளும் அப்படியே கூப்பிட்டாள்.

"உருட்டுங்கக்கா," என்றாள் ரெஜினா.

கரகர.

"எண்ணெய் குறைஞ்சா ஊத்தினேன்."

"ம்."

"மழையில நனைய விட்டதில்ல."

ரெஜினா எழுந்துபோய், எஞ்சின் தலையிலிருந்து கழற்றி வைத்த மூடியை எடுத்து வந்து கவிழ்த்துக் காட்டினாள். உட்புறம் முழுக்க வெள்ளையாகக் கெட்டியாக அப்பியிருந்தது.

"தயிராட்டம் இருக்கு."

"எண்ணெயும் தண்ணியும்."

"நான் தண்ணி ஊத்தலையே."

"யாரும் ஊத்த வேணாம். அதுவா ஊறும். வால்வுத் தண்டுல துரு ஏறி, திறந்தது மூடாம அப்படியே மாட்டிக்கிச்சு."

பொற்கொடிக்குக் கை நின்றுவிட்டது.

"ஸ்டார்ட் பண்ணி எவ்வளவு நேரம் ஓட விடுவீங்க?"

"அவரு போதும்னு சொல்ற வரைக்கும்."

அவளுடைய வீட்டுக்காரர் கத்தாரில் இருந்தார். லீவு நாளான வெள்ளிக்கிழமை மதியம் போன் வரும். இவள் வண்டியை உதைத்து, போனை சைலன்சர் பக்கம் நீட்டிப் பிடிப்பாள். அவருடைய அப்பா ஓட்டிய வண்டி. அங்கே அவர் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு, "சரி, அணைச்சிடு" என்பார்.

"அப்புறம்?"

"பாப்பா சாப்பிட்டாளான்னு கேப்பாரு."

"அப்புறம்?"

"வச்சிடுவாரு."

பொற்கொடி குச்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போன வாரம் உதைச்சேன். கிக்கர் லொடலொடன்னு போச்சு, சத்தமே வரல. இதைக்கூடப் பாத்துக்க முடியலையான்னு கட் பண்ணிட்டாரு. இன்னைக்கு மதியம் கூப்பிடுவாரு. கூப்பிட்டா. அப்பவும் சத்தம் இல்லேன்னா, பேசறதுக்கு எங்களுக்குள்ள ஒண்ணுமே இல்ல மேஸ்திரி."

"உருட்டுங்கக்கா."

அந்த வார்த்தை பொற்கொடிக்குச் சுருக்கென்று தைத்தது. உருட்டினாள்.

கரகரப்பு தேய்ந்து வழவழவென்று ஆனதும் ரெஜினா வால்வை வாங்கித் துடைத்தாள். பொருத்தி, மேலே மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தாள். சொட்டுக்கூடக் கசியவில்லை.

மாட்ட வேண்டியதை மாட்டி, புது எண்ணெய் ஊற்றினார்கள். பொற்கொடி உதைத்தாள். வண்டி ஒரு தரம் இருமியது. அப்புறம் பிடித்துக்கொண்டது.

பொற்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். பிறகு பழக்கதோஷத்தில் அணைக்கக் கையை நீட்டினாள்.

ரெஜினா அந்தக் கையைப் பிடித்து, எஞ்சின் மேல் வைத்தாள்.

"சுடுதா?"

"இல்ல. வெதுவெதுன்னு இருக்கு."

"இத்தனை நாளும் அவ்வளவுதான்."

"இன்னும் கொஞ்சம் நேரம் இப்படியே ஓடட்டுமா?"

"நின்ன இடத்துலயே ஓடினா சத்தம் மட்டுந்தான் வரும். ரோட்டுல ஓடிச் சூடேறினாத்தான் உள்ள ஊறின தண்ணி போகும்."

"அப்ப யாரு ஓட்டுறது? எங்க வீட்டுல ஆம்பள யாரும் இல்லையே."

ரெஜினா தோளில் கிடந்த துணியை எடுத்து முன்சீட்டைத் துடைத்தாள். நன்றாகத் துடைத்தாள். பிறகு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்கு ஓட்ட வராதுன்னு இல்ல," என்றாள் பொற்கொடி மெதுவாக. "கல்யாணமான புதுசுல அவருதான் ஏரிக்கரையில கத்துக் கொடுத்தாரு. அப்புறம் தொடல. பாக்கிறவங்க என்ன சொல்வாங்க?"

"வலது கால்ல கியர். மறந்துடலையே?"

மறக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். மடியில் போன் அடித்தது.

"ஸ்டார்ட் ஆவுதா?" என்றது கத்தார்.

அவள் போனைக் கீழே நீட்டினாள். கை தானாகத்தான் நீண்டது. மறுபடி காதில் வைத்தபோது அங்கே அவர் மூச்சு விடுவது கேட்டது.

"நல்லாருக்கு. பழைய மாதிரியே இருக்கு. சரி, அணைச்சிடு. பாப்பா சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா. நான் இன்னும் சாப்பிடல."

அவர் காது வண்டிச் சத்தத்திலேயே இருந்தது.

"அணைச்சிட்டியா? இன்னும் சத்தம் கேக்குதே."

"அணைக்கலீங்க. இன்னைக்கு நான் ஏரிக்கரை வரைக்கும்..."

"அக்கா," என்றாள் ரெஜினா பின்னாலிருந்து, "போலாம்."