விளக்கம் இல்லாத நன்றி

"எல்லாம் சரியாத்தான் செஞ்சோம். அப்புறம் ஏன் இப்படித் திட்டுறாங்க?"

இன்னாசிமுத்து கேட்டார்.

அவர் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத் தலைவர். ஓய்வுக்கு இன்னும் சில வருடங்களே இருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த ஜீனத் அவருடைய பழைய மாணவி. வயதில் அவருக்குப் பாதிதான் இருக்கும்.

திருச்சி பாலக்கரையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே ஜீனத்தின் அறை. இணையதளம் கட்டுகிறவர்கள் வழி தெரியாமல் நின்றால் அந்த மாடிக்கு ஏறிப் போவார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள், ஏதாவது ஒரு வேலை கொடுத்து அனுப்பிவிடுவாள் என்று சொல்வார்கள்.

அன்று ஏறி வந்தவர் அவளுக்கே பாடம் நடத்தியவர். அவள் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"என்ன செஞ்சீங்க சார்?"

"பழைய சைட்டை நீ பாத்திருப்பியே. குப்பைக் கூடை. அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா பண்ணினோம். கமிட்டி போட்டோம். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டா போய்க் கேட்டோம். போட்டோ எடுக்க சென்னையிலேருந்து ஆள் வந்தாங்க. பழசுல ஒண்ணையும் மிச்சம் வைக்கலை, சுத்தமா துடைச்சிட்டோம். துணைவேந்தர் பட்டனை அழுத்தித் திறந்து வெச்சார். எல்லாரும் கைதட்டினாங்க."

"அப்புறம்?"

"மறுநாளே ஆரம்பிச்சிடுச்சு. அதைக் காணோம், இதைக் காணோம்னு. மெயிலைத் திறக்கவே பயமா இருக்கும்மா. அடுத்த மாசம் சிண்டிகேட் கூட்டம். பழைய சைட்டையே கொண்டு வாங்கன்னு சொல்லப் போறாங்க. அப்படிச் சொல்லிட்டா என் டீமைக் கலைச்சிடுவாங்க. எல்லாம் ஒப்பந்தத்துல வேலை பாக்குற பிள்ளைங்க."

ஜீனத் அவருடைய போனை வாங்கித் தளத்தைப் பார்த்தாள். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"அழகா இருக்கு சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

"திட்டினவங்களுக்கு என்ன பதில் போட்டீங்க?"

"விளக்கம் போட்டோம். பணிவாத்தான் போட்டோம். இந்தப் பக்கம் இப்போ இந்தத் தலைப்புக்குக் கீழ இருக்கு, இன்ன காரணத்துக்காக மாத்தினோம்னு விவரமா."

"அதைப் படிச்சிட்டு?"

"இன்னும் கோவமாயிட்டாங்க."

கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். ஜீனத் டீ ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"திட்டினவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நீங்களே பேசுங்க சார். பேசி, நன்றி சொல்லுங்க."

"நன்றியா?"

"நன்றி மட்டும். விளக்கம் சொல்லக் கூடாது. ஒரு வார்த்தைகூட."

"அவங்க சொல்றது தப்பா இருந்தா?"

"அப்பவும்."

"நன்றி சொல்லிட்டு?"

"கேட்டுக்கிட்டு இருங்க."

"சைட்டுல என்ன மாத்தணும்னு நீ சொல்லவே இல்லையேம்மா."

"டீ ஆறுது சார்" என்றாள் ஜீனத்.

*

முதலில் குஞ்சிதபாதத்திடம் போனார். தாவரவியல் துறைத் தலைவர். 'எங்கள் துறையைக் கொல்லைப்புறத்தில் தள்ளிவிட்டீர்கள், முன்பக்கத்தில் இடம் வேண்டும்' என்று துணைவேந்தர் வரைக்கும் நகல் போட்டு எழுதியவர்.

"வாங்க, வாங்க. விளக்கம் சொல்ல வந்தீங்களா?" குஞ்சிதபாதம் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"இல்லை சார். மெயில் எழுதினதுக்கு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

குஞ்சிதபாதம் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

"வேற?"

"வேற ஒண்ணுமில்லை."

இன்னாசிமுத்துவின் வாய்க்குள் விளக்கம் முட்டிக்கொண்டு நின்றது. முன்பக்கத்தில் எந்தத் துறைக்கும் இடமில்லை என்று கமிட்டியில் முடிவானது. அந்தக் கமிட்டியில் இதே குஞ்சிதபாதமும் இருந்தார். தலையாட்டினார்.

இன்னாசிமுத்து அதை விழுங்கினார்.

மின்விசிறி சுற்றியது. குஞ்சிதபாதம் சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார்.

"உக்காருங்க. எனக்கு முன்பக்கம் எதுக்கு? நம்ம மூலிகைத் தோட்டத்தைப் பாக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க வேன் பிடிச்சு வர்றாங்க. போன வாரம் அரியலூர்ப் பக்கத்துலேருந்து வந்தாங்க. தோட்டம் பூட்டியிருந்துச்சு. வெயில்ல நின்னு கம்பி வழியா எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாங்க. என்னைக்குத் திறந்திருக்கும்னு பழைய சைட்டுல ஒரு வரி இருந்துச்சு. அந்த ஒரு வரி போதும்யா எனக்கு."

'அதை மெயிலில் எழுதவில்லையே' என்பது நாக்கு நுனி வரை வந்தது. அதையும் விழுங்கினார்.

"நன்றி சார்" என்றார் மறுபடியும்.

இந்த முறை ஜீனத் சொன்னதற்காகச் சொல்லவில்லை.

*

அதன்பின் பலரிடம் பேசினார். சிலர் மறுபடியும் திட்டினார்கள். ஒருவர் அவர் பேசி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டார். ஒரு பெண், பேருந்தில் போய்க்கொண்டே, கட்டணம் கட்டும் பக்கம் தன் சின்ன போனில் எப்படிப் பாதி மறைந்து போகிறது என்பதைப் பொறுமையாகச் சொன்னாள்.

ஒரு மெயிலை மட்டும் அவர் தள்ளிக்கொண்டே போனார்.

'உங்களால் என் பட்டம் பொய்யாகிவிட்டது. நன்றாக இருங்கள்.' அவ்வளவுதான் அதில் இருந்தது. கீழே தேன்மொழி என்ற பெயரும் ஒரு வெளிநாட்டு எண்ணும். அது வந்த அன்று மையத்தில் எல்லோரும் படித்துச் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார்.

அந்த எண்ணைக் கூப்பிட்டார். பெயரைச் சொன்னார். பதவியைச் சொன்னார்.

"நீங்க எழுதினதுக்கு நன்றிம்மா."



"கிண்டல் பண்றீங்களா சார்?"

"இல்லைம்மா."

"நான் நம்ம யுனிவர்சிட்டில கெமிஸ்ட்ரி முடிச்சேன். இப்போ மஸ்கட்ல, தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல வேலை. சர்டிபிகேட்டுக்குப் பின்னாடி ஒரு இணைய முகவரி அச்சடிச்சிருக்கீங்க. அங்க போய் என் பட்டத்தோட நம்பரைப் போட்டா, உண்மையா பொய்யான்னு தெரியும். கம்பெனில இப்போ எல்லாருக்கும் சரிபாக்குறாங்க. என்னோடதைப் போட்டா, அப்படி ஒரு பக்கமே இல்லைன்னு வருது."

இன்னாசிமுத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சரிபார்க்கும் பக்கம் இருக்கிறது. முன்னைவிட வேகமாக வேலை செய்கிறது. வேறு முகவரியில் இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

சொல்லக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது.

"லேபுக்குள்ள என்னை விடலை சார். விசாரணை முடியற வரைக்கும் வராண்டாவுல நாற்காலி போட்டு உக்கார வெச்சிருக்காங்க. கூட வேலை பாக்குறவங்க என்னைத் தாண்டித்தான் உள்ள போகணும். போறப்போ எல்லாம் போனைப் பாத்துக்கிட்டே போறாங்க. யாரும் ஒண்ணும் கேக்கலை. கேட்டிருந்தாக்கூடப் பரவால்லை."

'சுத்தமா துடைச்சிட்டோம்.' அவருடைய குரலே அவர் காதுக்குள் கேட்டது.

"லைன்ல இருக்கீங்களா சார்?"

"இருக்கேன்மா. சொல்லுங்க."

"அப்பா மணப்பாறை சந்தையில மாட்டுத் தரகர். எங்க வீட்டுல பட்டம் வாங்கின முதல் ஆள் நான்தான். அவர்கிட்ட இன்னும் சொல்லலை." அவள் குரல் உடைந்தது. "அந்தச் சேர்ல உக்காந்து உக்காந்து எனக்கே சந்தேகம் வருது சார். நான் படிச்சேன்தானே? அது உண்மைதானே?"

"உண்மைம்மா."



*

அன்று மதியமே டீமைக் கூப்பிட்டார்.

"நாம அச்சடிச்சுக் கொடுத்த பழைய முகவரி எல்லாம் திரும்ப உயிரோட வேணும். யார் எந்தப் பழைய வாசல்ல வந்து நின்னாலும், புது வீட்டுக்குள்ள கூட்டிக்கிட்டு வரணும்."

"புது அமைப்புக்கு அது பொருந்தாது சார்" என்றாள் குழுவில் மூத்தவள். "சுத்தமா இருக்காது."

"அழுக்கா இருந்துட்டுப் போகட்டும்மா."

மாலைக்குள் தேன்மொழியின் சான்றிதழில் இருந்த முகவரி திறந்தது. இன்னாசிமுத்து பதிவாளரின் கையெழுத்தோடு அவளுடைய நிறுவனத்துக்குத் தன் கையாலேயே எழுதினார். இவர் எங்கள் மாணவி, பட்டம் உண்மையானது, பிழை எங்களுடையது என்று.

அடுத்த வேலை நாளில் அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு சோதனைக் குழாய். கீழே ஒன்றும் எழுதவில்லை.

அவர் அந்தப் போட்டோவை மையத்தில் எல்லோருக்கும் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. மூத்தவள் மட்டும் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து, கட்டணப் பக்கத்தைச் சின்ன போனுக்குச் சரிசெய்ய உட்கார்ந்தாள்.

தளம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. மூலிகைத் தோட்டம் என்றைக்குத் திறந்திருக்கும் என்ற வரியும் திரும்பி வந்தது. இந்த முறை யாரும் பட்டனை அழுத்தித் திறந்துவைக்கவில்லை.

சிண்டிகேட் கூட்டத்தில் துணைவேந்தர் கேட்டார்: "பழைய தளத்துக்கே போயிடலாமா?"

எல்லோரும் உறுப்பினராக உட்கார்ந்திருந்த குஞ்சிதபாதத்தைப் பார்த்தார்கள். அதிகமாகச் சத்தம் போட்டவர் அவர்தானே.

"எதுக்கு?" என்றார் குஞ்சிதபாதம். "பழசுல யார்கிட்டப் போய்ச் சொல்றதுன்னே தெரியாது. இவங்ககிட்டச் சொன்னா காதுல வாங்கறாங்க. நான் வேற புகார் வெச்சிருக்கேன், அதைப் பிறகு சொல்றேன். இப்போ இது இருக்கட்டும்."

இருந்தது. டீமும் இருந்தது.

*

இன்னாசிமுத்து மறுபடியும் ஜீனத்தின் மாடிக்கு ஏறினார். கையில் ஒரு பை.

"தேன்மொழியோட அப்பா நேர்லயே வந்துட்டார்மா. கம்ப்யூட்டர் வாத்தியார் யாருன்னு கேட்டு, இந்த முறுக்கைக் கொடுத்துட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். இதுல பாதி உனக்குச் சேரணும்."

ஜீனத் பையை வாங்கிக்கொண்டாள். முகம் மலர்ந்தது.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்" என்றார். "நானும் எத்தனையோ படிச்சிருக்கேன். நன்றி சொல்லு, விளக்கம் சொல்லாதேன்னு எந்தப் புத்தகத்துலயும் பாத்ததில்லை. நீ இதை எங்க கத்துக்கிட்டே?"

"உங்க கிளாஸ்ல சார்."

"நான் புரோகிராமிங்தானே நடத்தினேன்?"

"ஆமா சார். ஒரு நாள் போர்டு முழுக்க ஒரு புரோகிராம் எழுதி முடிச்சீங்க. கடைசி பெஞ்சுலேருந்து நான், அது நிக்காம சுத்திக்கிட்டே இருக்கும் சார்னு சொல்லிட்டேன். நான் தமிழ் மீடியத்துல வந்தவ. அதுவரைக்கும் வகுப்புல வாயைத் திறந்ததே இல்லை. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஏன்டா சொன்னோம்னு ஆயிடுச்சு."

"நான் என்ன சொன்னேன்?"

"கொஞ்ச நேரம் போர்டைப் பாத்தீங்க. நன்றிம்மான்னீங்க. அழிச்சிட்டுத் திரும்ப எழுதினீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வேணும்னேதான் தப்பா எழுதினேன், கண்டுபிடிக்கிறீங்களான்னு பாத்தேன்னு சொல்லியிருக்கலாம். மத்த சாரெல்லாம் அப்படித்தான் சொல்லுவாங்க. நீங்க சொல்லலை. அன்னைக்கப்புறம்தான் சார் நான் வகுப்புல பேச ஆரம்பிச்சேன்."

இன்னாசிமுத்து கண்ணாடியைக் கழற்றினார். எவ்வளவோ யோசித்தும் அந்த நாள் அவருக்கு அகப்படவில்லை.

"எனக்கு ஞாபகமே இல்லையேம்மா."

"தெரியும் சார்" என்றாள் ஜீனத். "ஞாபகம் இருந்திருந்தா நீங்க வழி கேட்டு என்கிட்ட வந்திருக்க மாட்டீங்க."